தந்தைக்காக முறையிடுதல்: இரத்தலா, உரிமையா?

உடல் ஊனமுற்ற தாய்க்கோ தந்தைக்கோ அரசு உதவித்தொகையை மறுத்த பின், அம்மறுப்பை எதிர்த்துப் பிள்ளை முறையிடுவது வெறும் அலுவலகக் காரியமாகவே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. ஆயினும் இரத்தல் இழிவா, துன்பம் வினைப்பயனா, ஒருவருக்காக இன்னொருவர் பேசலாமா என்னும் பழைய அறவினாக்கள் மூன்றும் அக்காரியத்துக்குள் இருக்கின்றன. பழைய கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்து, 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தின் பகுதியாகிய சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் முதலிய ஊர்களின் தமிழ்க் குடும்பங்களுக்கு இவை ஏட்டளவிலான வினாக்கள் அல்ல. தென்னந்தோப்புகளில் கள் இறக்குவோர் வாழும் அப்பகுதியில், மரத்திலிருந்து ஒரு முறை விழுந்தவரின் முதுகெலும்பு ஒரு குடும்பத்தின் வருவாயையே முறித்துவிடக்கூடும்.

அத்தகைய தந்தை மேல்முறையீட்டுக்கு இசைய மறுக்கும்போது பொதுவாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு: அரசிடம் கையேந்த மாட்டேன் என்பது ஒன்று, இது என் தலையெழுத்து என்பது மற்றொன்று. முதற்காரணத்தின் பின்னால் நீண்ட தமிழ் மரபு உண்டு. திருக்குறள் ‘இரவு’, ‘இரவச்சம்’ என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வைத்து, தகுந்தவரிடம் கேட்பதில் குற்றமில்லை என்பதையும், கேட்கவே கூசும் மனத்தின் உயர்வையும் ஒருங்கே ஏற்கிறது. ஆனால் இரத்தல் எனப்படுவது, பிறருக்கு உரிய பொருளை அவருடைய இரக்கத்தை நம்பிக் கேட்பதாகும். கொடுப்பவர் பொருளின் உடைமையாளராக இருக்கும் இடத்தில்தான் அச்சொல் பொருந்தும். வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகியவற்றால் வாடுவோருக்குப் பொது உதவி பெறும் உரிமையை அரசு தன் பொருளியல் ஆற்றலுக்கு உட்பட்டு உறுதிசெய்ய வேண்டும் என அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு பணிக்கையில், கருவூலத்தைக் காக்கும் அலுவலர் அதன் உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. ஓய்வூதியம் ஆள்வோரின் அருளைப் பொறுத்த கொடை அன்று என 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அத்தீர்ப்பு அரசுப் பணியாளரைப் பற்றியது என்பதும், 41ஆம் உறுப்பு உள்ளிட்ட வழிகாட்டு நெறிகளை நீதிமன்றத்தின் வழியே நேராகக் கட்டாயப்படுத்த முடியாது என 37ஆம் உறுப்பு கூறுவதும் உண்மையே.

உரிமை என்று சொல்வதற்கும் அதைச் சட்டத்தின் வழியே பெறுவதற்கும் உள்ள அந்த இடைவெளி வெறும் சட்ட நுணுக்கம் அன்று. 2023 நவம்பரில் இடுக்கி மாவட்டத்து அடிமாலியில், நலத்தொகை மாதக்கணக்கில் வராமற்போன மூதாட்டியர் இருவர் பதாகை ஏந்தித் தெருவில் பிச்சை கேட்டுப் போராடினர். அடுத்த ஆண்டில் கேரள அரசு, நலத்தொகை என்பது உதவியேயன்றிச் சட்டப்படியான உரிமை அன்று என உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. உரிமை என்று ஏற்கப்படாத ஒன்று எவ்வாறு பிச்சையாகிறது என்பதை அம்மூதாட்டியர் ஊரறியக் காட்டினர். அந்த இழிவு அவர்களைச் சேராது. அவர்களை அந்நிலைக்குத் தள்ளியவர்களையே சேரும்.

தலையெழுத்து என்னும் இரண்டாம் காரணம் முதற்காரணத்தைவிட ஆழமானது. வினைக் கொள்கையை முழுமையாக ஏற்கும் மணிமேகலைக் காப்பியமே இதற்குத் தக்க விடையைத் தருகிறது. முனிவரின் நாவற்கனியைக் காலால் சிதைத்துச் சாபம் பெற்று, யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்தவள் காயசண்டிகை. அவளுடைய துன்பத்துக்கு அவள் செயலே காரணம் என்பதில் அக்காப்பியத்துக்கு ஐயம் இல்லை. ஆயினும் அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை தகுதியை ஆராயாமல் உணவிட்டு அப்பசியைத் தணிக்கிறாள். துன்பம் எதனால் வந்தது என்பதற்கான விளக்கம், அதைத் தீர்க்கும் கடமையிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை என்பதே இதன் உட்கருத்து. தந்தை தம் வினையை நம்பலாம். அந்நம்பிக்கை அலுவலகத்தின் மறுப்புக்குக் காரணம் ஆகாது.

இவ்விரண்டையும் தாண்டி நிற்பதுதான் மிகக் கடினமான சிக்கல். கேரளத்தின் ஊனமுற்றோர் உதவித்தொகைக்குக் குறைந்தது 40 விழுக்காடு ஊனம் சான்றளிக்கப்பட வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. விழுக்காடு குறைந்துவிட்டது என்று மருத்துவக் குழு கைவிரிக்கும்போது, தந்தையால் இயலாதவற்றைப் பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்ல வேண்டியதாகிறது. படியேற முடியாது, தனியே குளிக்க முடியாது, இரவில் துணையின்றிப் புரண்டு படுக்க முடியாது என அவர் முன்னிலையிலேயே சொல்ல நேர்கிறது. வீட்டில் அன்பு கண்டும் காணாமல் விட்டு அவருடைய மானத்தைக் காத்து வந்தவற்றையே இங்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஓரளவு வழி காட்டுகிறது: நெடுங்காலக் குறைபாடும் சூழலில் உள்ள தடைகளும் சேர்ந்து ஒருவர் சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்பதைத் தடுக்கும் நிலையையே அது ஊனம் என வரையறுக்கிறது. ஆதலால், மாடியில் இயங்கும் அலுவலகத்தையும் உயரமான பேருந்துப் படியையும் சேர்த்துச் சொல்லும் பிள்ளை, தந்தையைச் சிறுமைப்படுத்தாமலே உண்மையை முழுமையாகச் சொல்லலாம். ஆனால் சான்றிதழின் விழுக்காடு உடலை மட்டுமே அளக்கிறது. வரையறைக்கும் அளவைக்கும் இடையிலுள்ள இம்முரண் உண்மையாகவே துன்பம் தருவது, அது களையப்பட வேண்டியது.

சான்றிதழ் பற்றிய முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அச்சட்டத்தின் 59ஆம் பிரிவு இடமளிக்கிறது. விதிகள் அதற்கு 90 நாள் தவணை தருகின்றன. அக்காலத்துள் பிள்ளை முதலில் கேட்டுப் பெற வேண்டியது மறுப்புக்கான காரணத்தை, அதுவும் எழுத்து வடிவில். எந்த மனக்குறைக்கான முறையீட்டையும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு கூறுவதால், சித்தூரின் தந்தை தமக்குப் புரியும் தமிழிலேயே தம் முறையீட்டை எழுதச் செய்து, வாசிக்கக் கேட்டு, வேண்டிய இடத்தில் திருத்தி, அதன் பின் கையொப்பமிட இயலும். இது சிறிய வசதி அன்று. பிறர் எழுதிய மலையாள மனுவில் கைநாட்டு மட்டும் வைப்பவர் தம் பேச்சையே அவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். காப்பாளர் ஒருவர் தேவைப்படும் நிலையிலும், அவர் ஊனமுற்றவரைக் கலந்து, அவர் விருப்பத்துக்கு இணங்கவே முடிவெடுக்க வேண்டும் என மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வலியுறுத்துவது இதனாலேயே.

எல்லாம் விளக்கிச் சொன்ன பின்பும், தெளிந்த அறிவோடு வேண்டாம் என்று தந்தை சொன்னால், பிள்ளை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வாதத்தின் முடிவு. அத்தொகை வீட்டு அடுப்புக்கு எவ்வளவு தேவையாக இருந்தாலும் இது பொருந்தும். எனினும் தவணை முடியும் நாளை அவருக்குச் சொல்வதும், அதற்குள் மனம் மாறினால் கொடுப்பதற்குத் தாள்களை ஒழுங்குபடுத்தி வைப்பதும் அப்போதும் பிள்ளையின் கடமையே.