அடமானம் இல்லாதவளின் சொல்



நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்தில் ஓவேலி என்றொரு பேரூராட்சி உண்டு. ஆக்டர்லோனி என்னும் வெள்ளையர் குடும்பத்தின் பெயரால் அமைந்த பள்ளத்தாக்கு அது. நீலம்பூர்க் கோவிலகத்தாரின் ஜென்ம நிலமாக இருந்து, 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்தது. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவில் அடங்கிய நிலங்களின் வழக்கு நீண்டுகொண்டே போனமையால், அங்கே நெடுங்காலமாகக் குடியிருக்கும் பல குடும்பத்தார்க்குப் பட்டா கிட்டவில்லை. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பேரில் இலங்கையிலிருந்து திரும்பியோரும் அவர்களுள் உளர்.

சமணர் என்றாலே வட்டிக்கடைக்காரர் என்று பட்டணத்தார் சிலர் எண்ணுவர்; அது கிடக்கட்டும். நாம் வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து உழவர் மரபினர். பட்டா, சிட்டா காட்டிப் பயிர்க்கடன் வாங்கிப் பழகிய நமக்குப் பட்டா இன்மையின் துன்பத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓவேலியில் ஒரு பெண் தையல் பொறி வாங்கவோ, மாவரைத்து விற்கவோ முதல் தேடினால், குடியிருக்கும் வீட்டைக்கூட ஈடாகக் காட்ட இயலாது.

அத்தகையாளுக்கு வழி திறந்தது மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தோன்றியது. 1989இல் தருமபுரியில் குழுக்கள் தொடங்கப்பெற்றன. 1992இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியை மேற்கொண்டது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கூடிச் சிறுகச் சேமிப்பர். அதிலிருந்து தமக்குள்ளே கடன் கொடுத்துத் திருப்பிப் பெறுவர். அக்கணக்கைப் பார்த்து வங்கி கடன் வழங்கும். நிலம் ஈடன்று, பெண்களின் சொல்லும் எழுத்துமே ஈடு.

இங்கேதான் நம் அணுவிரதங்கள் நினைவுக்கு வருகின்றன. பொய்யாமை விரதத்திற்கு ஆன்றோர் கூறிய ஐந்து அதிசாரங்களுள் பொய்ப் பத்திரம் எழுதுதல் ஒன்று. பிறர் நம்பி வைத்த அடைக்கலப் பொருளைக் குறைத்துத் தருதல் மற்றொன்று. குழுவின் தீர்மானப் புத்தகத்தில் வராதவளை வந்ததாக எழுதுவது முன்னது. பொதுச் சேமிப்பில் கைவைப்பது பின்னது. பயிற்சி ஆசிரியையர்க்குப் பாடம் சொன்ன பழக்கம் நம்மை விடவில்லை. ஆயினும் விரத நூலுக்கு இதனினும் தெளிவான உதாரணம் நமக்குக் கிடைத்ததில்லை.

கொல்லாமைக்கும் இதில் இடமுண்டு. ஒருத்தி தவணை தவறினால் ஏனையோர் பொறுப்பு என்பது பல குழுக் கடன்களின் விதி. அதன் பெயரால் அவள் வாசலில் கூடி நின்று ஏசுவதும், அண்டை வீட்டார் கேட்க இழிவு செய்வதும் இம்சையே. கணவன் நோயுற்றதால் தவறினாளா, ஊதாரித்தனத்தால் தவறினாளா என்று கேட்டறிந்து தவணையை மாற்றியமைக்கலாம். அப்படிச் செய்யும் குழு கடனையும் மீட்கும், அவளையும் இழக்காது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மிகுபொருள் விரும்பாமை விரதத்தில் அளவு வகுக்க வேண்டிய பொருள்களுள் வயலும் வீடும் முதலில் வைக்கப்பட்டுள்ளன. அவ்வயலின் பட்டாவில் யார் பெயர் உள்ளது? ஓவேலிப் பெண்ணுக்கு நிலத்தின் மீது வழக்கு. நம் பெண்ணுக்கு வழக்கில்லா நிலம் இருந்தும் பெயரில்லை. வங்கியின் மேசைக்கு முன் இருவரும் ஒன்றே.

மகளுக்கு மகனோடு ஒத்த பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுமைக்கும் 2005இலும் சட்டம் வந்தது. அது சமணர்க்கும் பொருந்தும். ஆயினும், சீர் செய்தாயிற்று என்று சொல்லி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறுவது இன்றும் நடக்கிறது. பிறர்க்கு உரியதை நிறுத்தி வைப்பது கள்ளாமைக்கு ஒத்ததா என்று, பங்குப் பத்திரம் எழுத உட்காரும் பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டும். நாளை ஒரு தொழில் தொடங்க வங்கிக்குச் சென்றால் எதைக் காட்டுவாய் என்று, கையொப்பம் கேட்குமுன் அம்மகளிடமே ஒரு சொல் கேளுங்கள்.