பச்சை டிக்

பி.காம். முடித்த கையோடு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் குப்பை கொட்டினேன். வேலை ரொம்ப சிம்பிள். கம்பெனி கிளார்க் எழுதிய கணக்கை வவுச்சரோடு ஒப்பிட்டு, பச்சை மையில் டிக் அடிக்க வேண்டும். முதல் மாதம் ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஆறாவது மாதம், பத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பத்துக்கும் டிக் போட்டேன். எழுதியவர் முப்பது வருட சர்வீஸ். அவராவது, தப்பு விடுவதாவது!

விட்டார். 15,400 என்பதை 51,400 என்று எழுதிவிட்டார். பற்று, வரவு இரண்டு பக்கமும் அதே தப்புத் தொகை ஏறியதால் டிரையல் பேலன்ஸ் ஜம்மென்று டேலி ஆகிவிட்டது. வவுச்சரைப் பார்த்திருந்தால் மட்டும்தான் பிடித்திருக்க முடியும். பக்கத்தில் என் பச்சை டிக். திட்டு முழுக்க அவருக்கு. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தம்பி பார்ப்பாருன்னு நினைச்சேன் சார்" என்று மட்டும் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல வருடம் கழித்து ஒரு விமான விபத்தைப் பற்றிப் படித்தபோது அந்த டிக் ஞாபகம் வந்தது.

1996 அக்டோபர் 2. பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து நள்ளிரவு தாண்டி ஒரு விமானம் சிலி நாட்டின் சாந்தியாகோவுக்குக் கிளம்புகிறது. ஏரோபெரு கம்பெனியின் போயிங் 757. உள்ளே 70 பேர். விமானத்தின் உடம்பில் பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தை அவை உள்ளே கொண்டுபோகும். எத்தனை அடி உயரம், என்ன வேகம் என்று விமானிக்குத் தெரிவது அதை வைத்துத்தான். விமானத்தைக் கழுவும்போது தண்ணீர் புகாமலிருக்க அந்தத் துளைகளின் மேல் டேப் ஒட்டினார்கள். கழுவி முடித்ததும் எடுக்க மறந்துவிட்டார்கள்.

கிளம்பிய உடனேயே மீட்டர்கள் உளற ஆரம்பித்தன. வேகம் அதிகம் என்று ஓர் எச்சரிக்கை. வேகம் போதாது, விழப் போகிறாய் என்று இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில்! கீழே பசிபிக் கடல், கும்மிருட்டு. திரும்பி வந்து லிமாவிலேயே இறங்கிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். இறங்க வேண்டுமானால் உயரம் தெரிய வேண்டுமே? தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தைக் கேட்டார்கள். அவர்களும் ராடார் திரையைப் பார்த்துச் சொன்னார்கள்.

இங்கேதான் சோகம். அந்தத் திரையில் தெரிந்த உயரம், அதே விமானத்தின் அதே கெட்டுப்போன கருவி அனுப்பிய எண். டிரையல் பேலன்ஸ் டேலி ஆன கதைதான். தரைக்கு அருகில் வந்துவிட்டாய் என்று கத்திய கருவி உண்மையைத்தான் சொன்னது. பத்து பொய் அலாரத்துக்கு நடுவில் அதை யார் நம்புவார்கள்? 9,700 அடி என்று மீட்டர் காட்டிக்கொண்டிருந்தபோது விமானம் கடலைத் தொட்டது. 70 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

டேப் ஒட்டிய தொழிலாளி மீது வழக்குப் போட்டார்கள். குற்றவாளி என்று தீர்ப்பானது. சரி, மறந்தது அவர்தான். ஆனால் அறிக்கையைப் படியுங்கள். கழுவி முடித்துப் பராமரிப்புப் பிரிவு விமானத்தை ஒப்படைத்தபோது யார் கண்ணிலும் டேப் படவில்லை. விமானிகளிடம் போனபோதும் படவில்லை. கடைசியாக விமானத்தைச் சுற்றி வந்து பார்த்த கேப்டனுக்கும் தெரியவில்லை. ராத்திரி நேரம், வெள்ளி நிற டேப். அவர்களையும் வில்லன் ஆக்கிவிட முடியாது. ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. மறப்பது மனித சுபாவம் என்பதால்தானே இரண்டாவது, மூன்றாவது ஆளை வைக்கிறோம்? அவர்கள் முதல் ஆளை நம்பியே பார்த்தால், எத்தனை பேர் பார்த்து என்ன?

இரண்டாவது ஆளே இல்லாவிட்டாலும் ஆபத்துதான். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், விமானிக்கு முன்னால் இருந்த கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே. ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள், கேப்டன் உட்பட. முந்தைய நாள்தான் கண்ணாடி மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84 ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒல்லி. பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்து மாட்டியவரும் மேலாளர், சரி என்று கையெழுத்துப் போட்டவரும் அதே மேலாளர். இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று விதியே இல்லை.

விசாரித்தவர்கள் அவரைத் திட்டுவதோடு நிறுத்தவில்லை. பொறுப்பான ஒரு மனிதர் ஏன் இப்படிச் செய்தார் என்று ராத்திரி ஷிப்ட், ஆள் பற்றாக்குறை, ஸ்டோர் ரூம் வெளிச்சம் வரை துருவினார்கள். தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவரை உள்ளே தள்ளியதும் மீதிப் பேர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறோமே, அதைச் சொல்கிறேன்.

விமானம் நமக்கெதற்கு, வீட்டுக்கு வாருங்கள். ஊருக்குக் கிளம்பிப் பாதி வழியில் மனைவி கேட்கிறார்: "கேஸை மூடினீங்களா?" நாம் சொல்கிறோம்: "நீ மூடியிருப்பேன்னு நினைச்சேன்." இரண்டு பேரும் பொறுப்பானவர்கள்தான். இரண்டு பேருக்கும் அடுத்தவர் மேல் அபார நம்பிக்கை. கேஸ் மட்டும் திறந்தே இருக்கிறது.

அடுத்தவரை நம்புவது நல்ல குணம்தான். ஆனால் சரிபார்க்கும் வேலையை ஒத்துக்கொண்ட பிறகு, முன்னால் யாருமே பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் பார்க்க வேண்டும். அது அவரை அவமதிப்பதாகாது. அவர் திட்டு வாங்காமல் காப்பாற்றுகிற காரியம் அது.

அந்த கிளார்க் ரிடையராகும் வரை என்னைப் பார்த்தால் சிரிப்பார். "டிக் போட்டது நான்தான் சார், பார்க்காமல் போட்டேன்" என்று ஒரு தடவையாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.