கதிரை

தொழிலாளியை நன்றாக நடத்துவதென்றால் என்ன? எங்கள் பகுதி வர்த்தகர்களிடம் கேட்டால் பெருநாள் உடுப்பைச் சொல்வார்கள், ஸக்காத் பணத்தைச் சொல்வார்கள். பொய்யல்ல; தாராளமாகவே கொடுக்கிறார்கள். நான் கேட்க விரும்புவது ஒரு கதிரையைப் பற்றி.

நாவிதன்வெளியிலிருந்து கிட்டங்கி கடந்து கல்முனைப் புடவைக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. ஒருத்தி சொன்னாள்: "சம்பளம் பரவால்ல சேர். முதலாளியும் நல்ல மனிசன். இரிக்கத்தான் விடமாட்டார்." கடையில் ஆளில்லாத மத்தியானத்திலும் நிற்க வேண்டுமாம். நோன்பின் கடைசிப் பத்தில், இரவு வியாபாரம் முடியும்வரை நிற்கிறார்கள்.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு இதற்காகப் போராடினார்கள். கழிப்பறையும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. 2018இல் அங்கு சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்கவேண்டுமெனச் சட்டத்தில் சேர்த்தது. 2010இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்தவர்களுக்கு ஏனென்று விளங்கும். எங்கள் நாட்டில் 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. வழமையான வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்கிறது அது. பெருநாள் காலத்தில் அதை யார் எண்ணுகிறார்கள்?

ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்கிறார் கடைக்காரர். அதே வாடிக்கையாளர் உள்ளே வரும்போது காசு வாங்கும் மேசையில் முதலாளி உட்கார்ந்துதான் இருக்கிறார். அதில் யாருடைய மரியாதையும் குறைந்ததாகக் கேள்விப்படவில்லை. நானும் வகுப்பில் கதிரை வைத்திருப்பவன்தான். காலுளைந்தால் இருப்பதற்கு யாரிடமும் கேட்பதில்லை.

உடுப்புக் கொடுக்க முடிந்த மனிதருக்குக் கதிரை கொடுக்க ஏன் முடிவதில்லை? விலை காரணமல்ல. உடுப்பைக் கொடுக்கும்போது கொடுப்பவர் உயர்கிறார், வாங்குபவள் நன்றி சொல்கிறாள். கதிரையில் அந்த நன்றி இல்லை. அவள் பாட்டுக்கு இருப்பாள், எழும்புவாள். முதலாளியை நினைக்கவும் மாட்டாள். கொடை என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒன்றைக் கொடுப்பதுதான் எங்கள் நல்ல மனிதர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மாரி வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியை மேவிய ஓர் ஆண்டில், வேலைக்கு வரமுடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கு அரிசிப் பொதி அனுப்பிய ஒருவரை அறிவேன். அந்த நாட்களின் சம்பளத்தை வெட்டியவரும் அவரே. அவரை நான் கெட்டவரென்று சொல்லவில்லை. அரிசி அவருடைய இரக்கம். சம்பளம் அந்தப் பிள்ளைகளின் கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார், அவ்வளவுதான். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் நபிமொழியை நாங்கள் கடைச் சுவரில் மாட்டுகிறோம். அது கூலியைப் பற்றியது, கருணையைப் பற்றியதல்ல.

கதிரையை வாங்கிப் போட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. தலைக்கு மேலே கமரா இருக்கையில் யார் துணிந்து இருப்பார்? "வேலையில்லாத நேரம் இரிங்க பிள்ள" என்று முதலாளி தன் வாயால் ஒருநாள் சொல்லவேண்டும். அண்மையில் ஒரு கடையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைக் கண்டேன். இரண்டிலும் சாரிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.