கண்ணாடித் தொட்டியும் உயிர் வாணிபமும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது சங்கத்தில் பஞ்சசீலம் ஓதி வழிபாடு முடிந்த பின்னர், இளைஞர் ஒருவர் என்னை அணுகி, "ஐயா, மீன் வளர்த்து விற்பது பௌத்தனுக்கு அடுக்குமா?" என வினவினார். உண்பதற்குரிய மீனன்று, இல்லங்களில் கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வைக்கப்படும் ஏஞ்சல் மீன். அவர் வேலை பார்த்த தொழிற்கூடம் இரண்டாண்டுகட்கு முன் ஆட்குறைப்புச் செய்தது. அன்று முதல் மொட்டை மாடியில் தொட்டிகள் அமைத்து, அம்மீன்களை இனம் பெருக்கிப் பெங்களூர்க் கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். மனைவியும் இரு குழந்தைகளும் அதனைக் கொண்டே உண்கின்றனர்.

நான் சிறிதும் தாமதியாது விடை பகர்ந்தேன். உபாசகன் விலக்க வேண்டிய வாணிபங்கள் ஐந்து: ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு. மீன் உயிராதலின் இது விலக்கப்பட்டதே; விட்டுவிடுங்கள், தம்பி, என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சென்றுவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

அவர் முகம் என்னை உறங்கவிடவில்லை. மகன் சம்பாத்தியத்தில் உண்டு தம்மம் பேசித் திரியும் எனக்கு, ஒருவன் பிழைப்பை ஒரே வாக்கியத்தில் பறிக்கும் துணிவு எங்கிருந்து வந்தது? மூன்றாம் வாரம் அவர் இல்லம் தேடிச் சென்றேன்.

அன்பர்களுள் பலர் இம்மீனைக் கண்டிருப்பீர்கள். தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை இதன் தாயகம். தகடுபோல் தட்டையான உடல். மேலும் கீழும் நீண்ட துடுப்புகள். நீரில் மூழ்கிய வேர்களுக்கும் தண்டுகளுக்கும் இடையே புகுந்து நிற்க வாய்த்த வடிவம். ஆயினும் இன்று விற்கப்படுபவை பெரும்பாலும் தொட்டியிலேயே பிறந்து, தலைமுறை தலைமுறையாகத் தொட்டியையே உலகென அறிந்தவை. ஏஞ்சல் என்றால் தேவதூதன். அத்தேவதூதன் தன் வாய்க்கு அடங்கும் சிறு மீனை இரவோடு இரவாக விழுங்கிவிடும் என்பதனைப் பெயரிட்டவர் கவனித்திலர் போலும்.

அவ்விளைஞர் யாவற்றையும் காட்டினார். ஐந்தாறு மீன்களை ஒன்றாக வளர்த்தால் அவை தாமே இணை தேர்ந்து, ஒரு மூலையைப் பற்றிக்கொண்டு மற்றவற்றை விரட்டுமாம். சாய்த்து வைத்த குழாய்த் துண்டை இரண்டும் வாயால் துடைத்துத் தூய்மை செய்தபின், பெண் மீன் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒட்டுகிறது, ஆண் பின்தொடர்கிறது. பிறகு இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறி நீரோட்டம் தருகின்றன. வெளுத்துப்போன முட்டையைப் பொறுக்கி நீக்குகின்றன. இவ்வளவு பரிவு காட்டிய பெற்றோரே, சிறிது கலவரமடைந்தால் முட்டைகள் அனைத்தையும் தின்றுவிடும். ஆகையால் அவர் குழாய்த் துண்டை வேறு தொட்டிக்கு மாற்றி, பூஞ்சை பிடியாதிருக்க மெத்திலீன் புளூ சில துளிகள் விட்டுக் காக்கிறார். பெங்களூரின் மார்கழிக் குளிர் அவற்றுக்கு ஆகாதென்று ஹீட்டர் வைத்திருக்கிறார். தம் குழந்தைகளுக்கு அவ்வறையில் ஹீட்டர் இல்லை என்று அவர் மனைவி உள்ளிருந்து கூறினார்.

"துடுப்பு வளைந்தும் செவுள் மூடி குறைந்தும் பிறக்கும் குஞ்சுகளை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"பெரிய மீன்களுக்குப் போட்டுவிடுவேன், ஐயா. அவை விலை போகா."

சிறிது நேரம் சென்று அவரே கூறினார்: "தாங்கள் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் ஏரியில் விட்டுவிடலாமென்று எண்ணினேன். உயிர்களுக்கு விடுதலை தருவது புண்ணியமாயிற்றே."

திடுக்கிட்டேன். தொட்டிப் பாசியை உண்ணுமென்று கடைகளில் விற்கப்படும் தென் அமெரிக்கக் கெளிற்று மீன் ஒன்றுண்டு. வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது. டேங்க் கிளீனர் என்பர். அது தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும், கொல்ல மனமின்றி ஏரி குளங்களில் விட்டவர் பலர். இன்று தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் ஆகிய இடங்களின் நீர்நிலைகளில் அது பெருகி, கரையைக் குடைந்து, முட்கவசத்தால் மீனவர் வலையைக் கிழிக்கிறது. நல்லெண்ணத்தின் விளைவு அது. என் அவசர உபதேசம் இன்னொரு ஏரிக்குக் கேடு விளைத்திருக்கும்.

ஈண்டு என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகட்கு முன், பேரன் கேட்டானென்று ஒரு தொட்டியும் நான்கு ஏஞ்சல் மீன்களும் வாங்கினேன். குழாய் நீரை நிரப்பி அன்றே மீன்களை விட்டேன். பத்து நாளில் மூன்று இறந்தன. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு நீரில் சேர்கிறது. நுண்ணுயிர்களுள் ஒரு வகை அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முன்னைய இரண்டும் கொடியவை. கடைசியது அவ்வளவு கொடிதன்று. அந்நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சில் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். நானோ, நீர் கலங்கியதென்று அப்பஞ்சையே குளோரின் கலந்த குழாய் நீரில் அலசிப் பிழிந்து, குடியேறிய சிலவற்றையும் மாய்த்தேன். தூய்மை செய்வதாக எண்ணியே கொன்றேன்.

எண்ணமே வினையாதலின், கொல்லும் எண்ணமில்லாத எனக்குச் சீலம் உடையவில்லை என்று சமாதானம் கூறிக்கொண்டேன். ஏட்டளவில் அது சரியே. ஆயினும் என் ஆலை வாழ்வு அதனை ஏற்க மறுக்கிறது. நான் இருபத்தாறு ஆண்டுகள் நூற்புப் பகுதியில் நின்றவன். இழை அறாதிருக்கும்பொருட்டு அங்குக் காற்றில் ஈரம் ஏற்றுவர், சன்னல் திறவார். இழைக்கு வேண்டிய ஈரத்தை அளக்கக் கருவி இருந்தது; அதே காற்றை உள்ளிழுக்கும் மனிதனை அளக்க ஒன்றுமில்லை. பஞ்சுத் தூசியால் நெஞ்சடைத்துப்போன தோழர்கள் என் கண்முன் நிற்கின்றனர். அவர்களைக் கொல்லவேண்டுமென்று எவரும் எண்ணியதில்லை. அந்த "எண்ணவில்லை" என்னும் விடையை நாங்கள் ஏற்றோமா? வாயிலில் நின்று முழங்கினோம். கேட்டிருந்தால் அறிந்திருக்கலாம், கேளாதிருப்பது அவர்களுக்கு வசதியாயிருந்தது. நானும் மீன் வாங்கிய அன்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இனி, உயிர் வாணிபம் என்னும் சொல். பழைய உரைகாரர் இவ்விடத்தில் அதற்கு மனிதரை விற்றல் என்றே பொருள் கொண்டனர் என்பதனைப் பின்னர் ஒரு பிக்குவிடம் கேட்டறிந்தேன். அவ்வாறாயின் இளைஞர் விடுபட்டார் எனலாமோ? மனிதரை விற்றல் நமக்கு ஏட்டுச் செய்தியன்று. தமிழ்நாட்டில் நம் மக்கள் நிலத்தோடு சேர்த்துக் கைமாறியவர்கள். அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாதென 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் விதிக்க வேண்டியிருந்தது. மீனையும் மனிதனையும் நான் ஒன்றாக்கவில்லை. அவ்விற்பனையின் கொடுமைகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: வாங்குபவன் கையில் அவ்வுயிர் என்னாகுமென்று விற்பவன் கேட்பதில்லை. அது மீன் விற்பவனிடத்தும் இருக்கக்கூடும்.

ஆகவே என் முந்தைய சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இரண்டு வேண்டினேன். வளைந்த குஞ்சுகளைக் கொல்லாதீர்கள். வாங்குபவர் தொட்டியைப் பக்குவப்படுத்தாமல் மீனை விடாதவாறு அறிவியுங்கள். குஞ்சுகளுக்கு இரையாகும் ஆர்ட்டீமியாவும் உயிரன்றோ என்று ஒருவர் என்னை மடக்கலாம். பசித்த உயிர் தன் இரையை உண்பது வேறு. விலை போகாத உருவம் என்பதற்காக ஓர் உயிரை நாம் நீக்குவது வேறு. முன்னதிலும் நம் கை உள்ளதென்பதை மறுக்கவில்லை. அதற்கு என்னிடம் முழு விடையில்லை. பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்ட நமக்குப் பின்னதிலேனும் தயக்கம் வரவேண்டும்.

"குஞ்சுகளுக்கு ஒரு தொட்டி ஒதுக்கிவிடலாம், ஐயா, தீனிச் செலவுதான். கடைக்காரரோ நூறு நூறாக வாங்கி, உருண்டைக் கிண்ணத்துக்கும் ஒன்று விற்பார். நான் கேள்வி கேட்டால் வேறொருவரிடம் வாங்குவார்" என்றார்.

எனினும் அவர் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு துண்டுத்தாள் அச்சிட்டு, பைகளோடு சேர்த்துக் கொடுத்தார்: தொட்டி உயரமாயிருத்தல் வேண்டும், நீரின் குளோரினை நீக்குதல் வேண்டும், வடிகட்டியை ஓடவிட்டுச் சில வாரம் பொறுத்தல் வேண்டும், முதலில் ஓரிரு மீன்களே விடுதல் வேண்டும். ஒரு கடையில் அதனைச் சுவரில் ஒட்டியிருக்கின்றனர். மற்றொரு கடைக்காரர், இத்தாளைப் படித்தவன் அன்றைக்கு மீன் வாங்காமல் போகிறான் என்று சொல்லி, இவரிடம் கொள்முதலையே நிறுத்திவிட்டார். அவர் மாத வருவாயில் அது மூன்றில் ஒரு பங்கு.

சென்ற ஞாயிறு அவர் வழிபாட்டுக்கு வந்திருந்தார். அவர் மனைவி வரவில்லை.