வீடும் வண்டியும்

சென்ற ஏப்ரலில், நுவரெலியாவின் வசந்தகாலக் கூட்டத்திடையே, கிரகரி வாவியின் ஓரத்தில் வீட்டு வண்டியொன்று நிற்கக் கண்டோம். வெளிநாட்டுத் தம்பதியர் இருவருடையது. உள்ளே படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி, மடக்கு மேசை. முன்புறத்தில் சாரதியின் இருக்கை. எம்முடன் வந்திருந்த தோட்டத்துப் பிள்ளைகள் அதனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தனர். அவர்களுள் ஒருத்தி கேட்டாள்: “சேர், இவங்க கடைக்குப் பாண் வாங்கப் போனா வீடும் கூடவே போகுமா?”

எல்லோரும் சிரித்தனர். ஆயின், கேள்வி சிரிப்போடு போய்விடக்கூடியதன்று. அதனை வண்டிக்காரரிடமே கேட்டோம். போகும் என்றார் அவர். அவர்களுக்கு வேறு வாகனம் கிடையாது. பாணுக்கும் மருந்துக்கும் தபாற்கந்தோருக்கும் அதிலேதான் செல்ல வேண்டும். புறப்படுமுன் அலுமாரிக் கதவுகளைத் தாழிட வேண்டும். கோப்பைகளைத் துணியிற் சுற்ற வேண்டும். எரிவாயுவை அடைக்க வேண்டும். காயப்போட்ட துணிகளை அள்ளி உள்ளே போட வேண்டும். ஒரு குடித்தனத்தையே கட்டி முடித்தாலன்றி ஒரு பாண் வாங்க முடியாது. றம்பொடை மலைப்பாதையின் வளைவுகளில் அவ்வளவு பாரத்தை ஏற்றுவதற்கு எண்ணெய்ச் செலவு எவ்வளவு ஆகும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பாதைகளிலோ அவ்வண்டி நுழையவே மாட்டாது. அங்கே ஓட்டோவே தள்ளாடித்தான் ஏறுகிறது. வண்டி பழுதாகிக் கராஜுக்குச் சென்றால் என்ன செய்வீர்கள் என்றோம். “அன்றைக்கு எங்களுக்கு வீடில்லை” என்று அவர் சிரித்தார்.

அவரால் சிரிக்க முடிந்தது. அவருடைய நாட்டில் அவருக்கு வீடொன்று இருந்தது. அதை வாடகைக்கு விட்டுவிட்டே வந்திருந்தார்.

அவ்வாழ்க்கையைப் பழிப்பது எமது நோக்கமன்று. பொருட்களைக் குறைத்துக்கொண்டு, நில உடைமையின் செருக்கின்றி, விரும்பிய மலையடிவாரத்தில் விழித்தெழுவதில் ஓர் அழகு உண்டு. பழந்தமிழருக்கும் இது புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை காட்டும் உமணரின் உப்பு வண்டியிலே ஊறுகாய்க் கலம் தொங்குகிறது. குழந்தையை உடன் வைத்துக்கொண்டு பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். அடுக்களையும் தொட்டிலும் தொழிற்கருவியும் அங்கே ஒரே அச்சின் மேல் உருண்டன. வெவ்வேறான இரு தேவைகளை ஒரே கயிற்றிற் கட்டிக்கொள்வது மனிதனுக்குத் தகுமா என்று கேட்டால், சில வேளை தகும் என்றே கூறுவோம். எமது கேள்வி வேறு. அக்கயிற்றின் நுனி யார் கையில் இருக்கிறது?

இக்கேள்வியைக் கேட்க மலையகத்தானுக்குத் தனி உரிமை உண்டு. அவனுடைய வீடும் இரு நூற்றாண்டுகளாக வேறொன்றோடு பிணைக்கப்பட்டே வந்திருக்கிறது. வாகனத்தோடன்று, வேலையோடு. நடுத்தர வீட்டு வண்டியொன்று ஏறக்குறைய 20 அடி நீளமும் 7 அடி அகலமும் உடையது. பழைய லயத்தின் காம்பரா 10 அடிக்கு 12 அடி. சாரதியின் இருக்கையைக் கழித்துவிட்டால் இரண்டும் ஒரே அளவுதான். வாவிக்கரையில் நின்றதில் இருவர் விரும்பி வாழ்ந்தனர். லயத்திலோ பாட்டியும் பேரனும் புதுமணத் தம்பதியரும் வேறு வழியின்றி வாழ்ந்தனர். இன்றும் பலர் வாழ்கின்றனர். வண்டிக்காரர் பாண் வாங்க வீட்டைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. தொழிலாளியோ வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டியிருந்தது. கங்காணியின் கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிக்கலாம் என்று எழுதித் தரப்பட்ட ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. கூரையின் வழியாகக் கட்டிய கட்டு ஒழியவில்லை.

1946இல் கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்டபோது, தொழிலாளர் குடும்பங்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் வெளியேறவில்லை. அவ்வாண்டு மலைநாட்டில் வேலைநிறுத்தம் பரவியது. லயத்தை விட்டு நீங்காதவர்கள் மீது குற்றமுறை அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. அது இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தனக்கு உரிமையுண்டென மெய்யாகவே நம்பி ஓரிடத்தில் இருப்பவனை, அவன் இருப்பு உடையவனுக்குத் தொல்லையாகும் என்பதற்காக மட்டும் குற்றவாளியாக்க இயலாது என 1950இல் அம்மன்றம் விளக்கம் கூறியது. எத்தகைய வழக்கு அது! தன் வீட்டிலே இருந்த ஒருவன், பிறரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு அங்கே இருக்கவில்லை என்று கடல் கடந்து நிரூபிக்க வேண்டியிருந்தது.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கேதான் வீட்டு வண்டி விடுமுறைப் பொருளாக மட்டும் நில்லாமல் ஒரு வர்க்கத்தின் வாழ்விடமாக மாறிற்று. 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவில் வீடிழந்தோரும் ஓய்வூதியம் போதாத முதியோரும் வண்டிகளிற் குடியேறினர். ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் அவர்களோடு பழகி 2017இல் எழுதிய ‘நோமட்லாண்ட்’ நூலும், அதனைத் தழுவி 2020இல் வெளிவந்த திரைப்படமும் வாசகருட் சிலர் அறிந்தவையே. அமேசான் நிறுவனம் 2008 முதற்கொண்டு சில ஆண்டுகளாக, நத்தார் காலத்துப் பண்டகசாலை வேலைக்கென இத்தகையோரையே திரட்டியது. அவர்கள் தம் வீட்டைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்தனர். வண்டி நிறுத்தும் இடத்துக்கான வாடகையை நிறுவனம் கொடுத்தது. பருவம் முடிந்ததும் வீட்டை ஓட்டிக்கொண்டு போயினர்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். கோப்பித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கருணையினால் லயம் கட்டவில்லை. ஆள் ஓடிவிடாதிருக்கக் கட்டினான். எனினும் கல்லும் தகரமும் அவன் செலவு. புதிய முதலாளிக்கு அச்செலவும் இல்லை. உழைப்பாளி தன் லயத்தைத் தன் பணத்தில் வாங்கி, எண்ணெய் ஊற்றி, வாசலுக்குக் கொண்டுவந்து தருகிறான். இதனைச் சுதந்திரம் என்று விளம்பரப்படுத்துகின்றனர். லயத்திலிருந்தவனைப் போக விடவில்லை. வண்டியிலிருப்பவனை நிற்க விடவில்லை. அசையாமையும் அசைவும் எதிரெதிரானவை என்றே நாம் படித்திருக்கிறோம். கூலிக்கு உழைப்பவனிடத்தில் அவை இரண்டும் ஒரே வேலையைச் செய்வதைக் காண்கிறோம்.

ஆயினும் இருவருக்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாநிலத்தில், ஓரிரவு தங்கியதற்கான பற்றுச்சீட்டையும் தபால் பெற்றுத்தரும் நிலையமொன்றின் முகவரியையும் காட்டி, நாடெங்கும் திரியும் வண்டிவாசிகள் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று வந்திருக்கின்றனர். ஓரிரவு! இங்கே 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயத்தில் பூட்டனின் சான்றுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு வந்த சட்டம் பதிவுக்கு வழி திறந்தது. ஆனால் மணமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கே வசித்திருக்க வேண்டும் என்றது. தாயின் சாவுக்கென ஊருக்குப் போய் 12 மாதத்துக்குமேல் தங்கியவனுக்குத் தொடர்ச்சி அறுந்தது. பயணம் செய்ததே குற்றமாயிற்று. பின்னர் 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குரியோர் என்று எண்ணி வைத்தபோது, பயணமே தண்டனையுமாயிற்று. தகரப்பெட்டிகளோடு தலைமன்னாருக்குச் சென்ற அப்புகைவண்டியை நம்மவர் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். எஞ்சி நின்றோருக்கு உரிமை முழுமையாக வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அசைய வேண்டிய நேரத்தில் அசைய முடியாமற் போனதையும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அது ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை ஆண்டுகள் சிலவற்றுக்கு முன்பே இருந்தது. எச்சரிக்கையைக் கேட்டவுடன் எழுந்து செல்ல அவர்களுக்குச் சக்கரமும் இல்லை. சென்று தங்க ஓரடி மண்ணும் இல்லை.

இப்போது 7 பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடுகள் எழுகின்றன. இந்திய உதவியோடு முதலில் 4,000. பின்னர் 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட 10,000. வேகம் போதாது, வீட்டின் சாவி கிடைத்தும் உறுதிப்பத்திரம் கிடைக்காதோர் இருக்கின்றனர். வீடு அழகாயிருக்கிறதே, பத்திரம் எதற்கு என்று கேட்கும் படித்த நண்பர்களும் நமக்கு உண்டு. அவர்களுடைய பத்திரத்தை ஒரு வாரம் எம்மிடம் தந்துவைப்பார்களா?

வாவிக்கரையிலிருந்து திரும்பும்போது அதே மாணவி மற்றொன்றும் கேட்டாள்: “அந்த வண்டிக்குக் கடிதம் போட்டா எங்க சேர் போய்ச் சேரும்?” அவர்களுடைய மகளின் முகவரிக்குப் போகும் என்றோம். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். மறுவாரம் பரீட்சை விண்ணப்பங்களை நிரப்பினோம். முகவரிக்கென விட்டிருந்த மூன்று வரிகளில், தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், தபாற்கந்தோரின் பெயர் என எழுதினாள். வீட்டு இலக்கத்துக்கான கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எம்மைப் பார்த்தாள்.