இம்சாதானம்



தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் கரந்தையிலும் ஜினேந்திரரை வலம் வந்து வணங்கும் நம்மவருள் உழவுத்தொழில் செய்வோர் பலர். ஏர் செல்லும் வழியில் புழுவும் எறும்பும் மடிவதை நாம் அறிவோம். அது ஆரம்ப இம்சை. இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாதது. ஆயின் அனர்த்த தண்டம் ஐந்தனுள் ஒன்றாகிய இம்சாதானம் அத்தகையதன்று. பயனின்றிக் கொலைக்கருவியைப் பிறர் கையில் கொடுத்தலே அது. ஆசாரியர் சமந்தபத்திரர் அதனை விளக்குமிடத்து வாளோடும் கோடரியோடும் மண்வெட்டியையும் சேர்த்துச் சொல்கிறார். மண்வெட்டி இல்லாத வீடு நம்முள் ஏது?

வேதியியல் பயின்ற தம் மைந்தனுக்குத் தோட்டாத் தொழிற்சாலையில் பணி கிடைத்துள்ளது, ஏற்கலாமா என்று பெரியவர் ஒருவர் நம்மிடம் வினவினார்.

புனேயை அடுத்த கட்கியில் 1869ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற வெடிபொருள் தொழிற்சாலை படைக்கு வேண்டியவற்றோடு, உரிமம் பெற்றோர்க்கான 12 போர் தோட்டாக்களையும் செய்துவந்துள்ளது. 2021 அக்டோபரில் அதுவும், நீலகிரி அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையும் மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் வந்தன. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம குண்டுகளாக்கினால், அவற்றுள் ஒன்றன் குறுக்களவே 12 போர் குழலின் அளவு. பறவை வேட்டைக்குரிய தோட்டா ஒன்றனுள் 200க்கு மேற்பட்ட ஈயச் சிறுமணிகள் அடங்கும்.

அவற்றுள் இலக்கைச் சேர்வன மிகச் சில. எஞ்சியவை சேற்றில் வீழ்ந்து கிடக்கும். வடுவூர் ஏரியிலும் கோடியக்கரைச் சதுப்பிலும் வந்திறங்கும் வாத்தினங்கள், இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும் இயல்பின. ஈயமணி கிடக்கும் நீர்நிலையில் அதனையும் கல்லென்றே விழுங்கும். அது இரைப்பையில் தேய்ந்து குருதியிற் கலக்க, சிறகு தொய்ந்து, உண்ணமாட்டாமல் உயிர்விடும். சுட்டவன் சினமும் வேட்கையும் தணிந்து உறங்கும் காலத்தும் அவன் செய்த வினை உதயத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது! நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயமணியை அமெரிக்கா 1991இல் விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஈரநிலங்களில் தடுத்தது. நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் சட்டமே வேட்டையை விலக்கிற்று. பயிர்க்காவலின் பெயரால் துப்பாக்கி உரிமம் மட்டும் இன்றும் உண்டு.

நாட்டைக் காக்கும் வீரன் செய்வது விரோதி இம்சை. இல்லறத்தானுக்கு அதனைச் சமணம் அடியோடு மறுக்கவில்லை. ஆகவே படைக்கலம் செய்யும் பணி முழுவதையும் பழிப்பது முறையன்று. ஆனால் ஒரே கூரையின்கீழ் இரண்டும் நடக்குமாயின், தாம் அடைக்கும் மருந்து எவர் கைக்குச் செல்கிறது என்பதைத் தொழிலாளி தேர்ந்துகொள்ள முடிவதில்லை. வேறு வழி இருக்குமாயின் அம்மைந்தன் அப்பணியை விடுதலே நன்று என்பது நம் கருத்து. கடன்பட்ட குடும்பத்தினிடம் இதனைச் சொல்வது எளிதாக இல்லை.

பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். எழுந்து புறப்படுகையில், தம் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி பரணில் இருப்பதையும், கதிர் முற்றும் பருவத்தில் அண்டை நிலத்தார் அதனைக் கேட்டு வாங்கிச் செல்வதையும் போகிறபோக்கில் கூறினார். மைந்தனின் பணியைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து வாருங்கள் என்றோம்.