வியாதிக்கு யார் பொறுப்பு?

ஒருவருக்கு நீரிழிவு என்று வைத்தியர் சொன்னதும் உறவினர் வாயில் முதலில் வரும் சொல் என்ன? "வாயைக் கட்டியிருந்தால் இந்த வினை வருமா?" என்பதே. ஐம்பது வயதில் ஒருவர் மாரடைப்பால் மாண்டால், சாவு வீட்டுத் திண்ணையிலேயே அவர் குடித்த பீடியும் தின்ற இறைச்சியும் விசாரணைக்கு வந்துவிடுகின்றன. வேறு சிலரோ, "எல்லாம் விதி, யாரால் தடுக்க முடியும்?" என்று பெருமூச்செறிவார்கள். முதல் கூட்டத்தார் பழி முழுவதையும் நோயாளியின் தலையில் சுமத்துகிறார்கள். இரண்டாம் கூட்டத்தார் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்கிறார்கள். இவ்விரண்டில் எது நியாயம்? இரண்டுமே நியாயமல்ல என்று நாம் சொல்லுவோம். அதை விளக்க, தூர தேசத்தில் நடந்த ஓர் உண்மை வரலாற்றைக் கேளுங்கள்.

பின்லாந்து தேசத்தின் கிழக்கு எல்லையில், ருஷியாவை ஒட்டி, வட கரேலியா என்றொரு மாகாணம் உண்டு. காடும் ஏரியும் நிறைந்த பூமி. 1960-களில் அங்கிருந்த ஆண்களில் பலர் மரம் வெட்டுவோரும் சிறு குடியானவருமே. உடலுழைப்புக்கு அஞ்சாத ஜனங்கள். ஆயினும் நாற்பதிலும் ஐம்பதிலும் மாரடைப்பால் மடிந்தார்கள். இருதய வியாதியால் ஆண்கள் மிக அதிகமாய் இறந்த இடங்களில் அம்மாகாணம் உலகிலேயே முன்னணியில் நின்றது.

காரணம் என்ன? ரொட்டியின்மேல் கனமாய்ப் பூசிய வெண்ணெய், சமையலிலும் வெண்ணெய், ஆடை எடுக்காத பால், உப்பு மிகுந்த பதார்த்தங்கள், சொற்பக் காய்கறி, இவற்றோடு புகையிலை. யுத்த காலத்து வறுமையைக் கண்ட அந்த ஜனங்களுக்கு வெண்ணெய் செழிப்பின் அடையாளம். கணவனுக்கு வெண்ணெயை அள்ளி வைத்த மனைவி அன்பினால் அல்லவா வைத்தாள்? பால் மாடு வளர்த்த குடியானவன் தன் பிழைப்பையல்லவா பார்த்தான்? இவர்களில் யாரைக் குற்றவாளி என்பது?

1971-ம் வருஷம் ஜனவரி மாதம், அம்மாகாணத்தின் ஆளுநரும் பாராளுமன்ற அங்கத்தினரும் பொது ஸ்தாபனத்தாரும் கூடிச் சர்க்காருக்கு விண்ணப்பம் செய்தார்கள். அதன் பயனாய் 1972-ல், பெக்கா புஸ்கா என்னும் இளம் வைத்தியரின் தலைமையில் ஒரு திட்டம் ஆரம்பமாயிற்று. நோய் கண்டவருக்கு மருந்து கொடுப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ஊரின் பழக்கத்தையே மாற்ற முனைந்தார்கள். சுவிசேஷத்தில் வரும் மார்த்தாளின் பெயரைத் தாங்கிய மாதர் சங்கம் ஒன்று அங்கே உண்டு. அச்சங்கத்துப் பெண்கள் கிராமங்களில் கூடி, இறைச்சியைக் குறைத்துக் கிழங்கு சேர்த்து, உப்பைக் குறைத்துச் சமைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பால் பண்ணையார் கொழுப்புக் குறைந்த பாலை விற்க முன்வந்தார்கள். இறைச்சிப் பண்டம் செய்வோரும் கொழுப்பைக் குறைத்தார்கள். வெண்ணெய் வியாபாரம் குறைந்தால் நம் கதி என்ன என்று பால் உற்பத்தியாளர் முறையிட்டது உண்மை. ஆகவே பெர்ரிப் பழங்கள் பயிரிடுவோருக்குப் பின்னாளில் ஆதரவு தரப்பட்டது. 1976-ல் தேசம் முழுவதற்கும் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது.

பலன் என்ன? சுமார் 40 வருஷங்களில், அம்மாகாணத்தில் உழைக்கும் வயது ஆண்கள் இருதய வியாதியால் இறப்பது 80 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துபோயிற்று. 

இதிலிருந்து நாம் கற்பது யாது? அந்த ஆண்கள் திடீரென்று நாவடக்கத்தில் முனிவராகிவிடவில்லை. கடையில் கிடைத்த பொருள் மாறிற்று; சமையற்கட்டில் கைப்பழக்கம் மாறிற்று; சட்டம் துணை நின்றது. தனி மனிதன் ஒருவனால் தனியே செய்ய இயலாததை ஊர் கூடிச் செய்தது.

நம் தேசத்துக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வொன்று 2023-ல் வெளியாயிற்று. அதன்படி நம்மிடையே நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேல். இத்தனை கோடிப் பேரும் பெருந்தீனிக்காரர்தாமா? அப்படிச் சொல்ல எவருக்கும் மனம் துணியாது. விலை மலிந்த அரிசியால் வயிற்றை நிரப்பி, காய்கறி வாங்கக் காசில்லாமல் தவிக்கும் கூலியாளை நோக்கி, "வாயைக் கட்டு" என்று உபதேசிப்பது தர்மமாகுமா? 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில், அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு ஆரம்பமாயிற்று. உபதேசத்தோடு உணவையும் கையில் கொடுப்பது இப்படித்தான்.

"நான் எதை உண்பது என்று சர்க்கார் எனக்குச் சொல்வதா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் சற்று யோசியுங்கள். வனஸ்பதியிலும், அதில் செய்த பிஸ்கோத்து, பப்ஸ் முதலியவற்றிலும் டிரான்ஸ் கொழுப்பு என்ற தீங்கான பொருள் இருந்துவந்தது. அது இருதயக் குழாய்களைக் கெடுப்பது. தேநீர்க் கடையில் நிற்கும் ஒருவர் அதைக் கண்ணால் காண முடியுமா? நாவால் அறிய முடியுமா? 2021-ம் வருஷம் ஜனவரியில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதற்கு 3 சதவிகித வரம்பு வந்தது. 2022 ஜனவரியில் அது 2 சதவிகிதமாயிற்று. இதனால் நம் சுதந்திரத்தில் எது பறிபோயிற்று? பிஸ்கோத்து இன்றும் கடையில் இருக்கிறது. அறியாமல் உண்ட தீங்கே குறைக்கப்பட்டது.

ஆகவே எல்லை எங்கே என்பது தெளிவு. குடும்பம் தானே செய்யக்கூடியதைச் சர்க்கார் பறித்துக்கொள்ளலாகாது. குடும்பத்தால் செய்ய இயலாததைச் சர்க்கார் கைவிடவும் ஆகாது. எண்ணெயைச் சோதிப்பதும், பொட்டலத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் செய்வதும், ஏழைக்கும் நல்ல தானியம் கிடைக்கச் செய்வதும் சர்க்காரின் கடமை. அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

அதற்காக நம் கைகளைக் கழுவிவிடலாமா? கூடாது. ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அது ஒரு தேக்கரண்டி அளவுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றோடு சேர்த்து நம் வீட்டில் எத்தனை கரண்டி ஆகிறது என்று எந்த அதிகாரி வந்து எண்ணுவார்? 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர் வீட்டுக்கே வந்து இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்க்கிறார், மாத்திரையும் தருகிறார். அந்த மாத்திரையை டப்பாவில் பூட்டி வைப்பதும் விழுங்குவதும் நம் கையில்தான் இருக்கிறது.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. "அப்பாவுக்கு மட்டும் தனிச் சமையல்" என்று ஒதுக்கினால், அவர் ஒரு வாரத்தில் சலித்துப்போவார். வீடு முழுவதும் உப்பையும் எண்ணெயையும் குறைத்தால், அவருக்கும் துணை கிடைக்கும். பிள்ளைகளுக்கும் நல்ல பழக்கம் படியும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றை ரசத்தோடு உண்டு எழும் தாய்மாரின் தட்டையும் கவனியுங்கள். காய் அவர்களுக்கும் வேண்டும். விருந்தினரை "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவதுதான் அன்பு என்ற எண்ணத்தையும் விடுவோம். திருவிழாப் பந்தியில் இனிப்பு ஒன்று குறைந்து சுண்டல் ஒரு கிண்ணம் கூடினால் விழாவுக்குக் குறைவொன்றும் வராது.

அடுத்த முறை நம் சுற்றத்தில் ஒருவருக்கு இத்தகைய வியாதி என்று கேள்விப்பட்டால், "ஏன் வந்தது?" என்று அவரை விசாரிக்க வேண்டாம். "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்போம். அவர் வியாதியில் நம் வீட்டுக்கும், நம் தெருக் கடைக்கும், நாம் தேர்ந்தெடுத்த சர்க்காருக்கும் பங்கு உண்டு. குணத்திலும் அவ்வாறே பங்கு கொள்வோமாக.